புகையாகிப் போகும் பெயர்

தன் பெயரை எங்கேயாவது பொறித்து வைத்துவிட வேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு ஆதி நாளிலிருந்தே இருக்கிறது. அரசன் கல்லில் வெட்டி வைத்தான். செட்டியார் கோயில் படிக்கட்டில் 'உபயம்' என்று எழுதச் சொன்னார். பாத்திரக் கடைக்குப் போகும் குடும்பத் தலைவி ஒரு தம்ளர் வாங்கினாலும், "பேர் வெட்டிக் கொடுப்பா" என்று நின்று வாங்கிக்கொண்டு வருகிறாள். இவர்கள் எல்லோருடைய நோக்கமும் ஒன்றுதான்: நாம் போனாலும் பெயர் நிற்க வேண்டும். நிற்காது என்று நிச்சயமாகத் தெரிந்த பொருளில், அதுவும் நெருப்பு வைப்பதற்கென்றே பிறந்த பொருளில், கைக்காசு கொடுத்துப் பெயர் போட்டுக்கொள்கிறவன் இந்த உலகத்தில் ஒருவன்தான் உண்டு. அவன் வியாபாரி.

மேல்நாடுகளில் இன்றைக்கு இது ஒரு தனித் தொழில். கடையில் சிகரெட் வாங்காமல், புகையிலைத் தூளை வாங்கித் தாமே சுருட்டிக்கொள்கிறவர்கள் அங்கே உண்டு. அவர்களுக்காக மெல்லிய தாள்களைச் சிறு புத்தகமாகக் கட்டி விற்கிறார்கள். மதுக்கடைக்காரரோ, சங்கீதக் குழுவோ, துணிக்கடை முதலாளியோ தம் பெயரையும் சின்னத்தையும் அனுப்பி, "இத்தனை ஆயிரம் புத்தகம் வேண்டும்" என்று ஆர்டர் கொடுத்தால் போதும். மேலட்டையில் அவர் பெயர் மின்னிக்கொண்டு சரக்கு வந்து சேரும். தீக்குச்சி, சாம்பல் கிண்ணம், லைட்டர் எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடுதான். பொருள் ஒருவருடையது, பெயர் மற்றொருவருடையது.

நான் புகை பிடிக்கிறவன் அல்லன். ஆனால் பெயர் என்ற சமாசாரத்தில் எனக்குத் தொழில்முறையாக ஒரு சிரத்தை உண்டு. கதை எழுதுகிறவனின் பெயரும் காகிதத்தில்தானே அச்சாகிறது? அந்தக் காகிதத்தைச் செய்தவன், பக்கம் கட்டியவன், பாரம் மடித்துத் தைத்தவள் இவர்களில் ஒருவர் பெயரும் அட்டையில் இல்லை. ஆகவே, செய்கிறவன் ஒருவனும் பெயர் போட்டுக்கொள்கிறவன் ஒருவனுமாக இருக்கும் இந்த விசித்திரம் எங்கே ஆரம்பித்தது என்று தேடிப் பார்த்தேன். தேடல் என்னைப் பிரான்ஸுக்கு அழைத்துப் போய், கடைசியில் சிவகாசியிலும் திருநெல்வேலிச் சீமையிலும் கொண்டுவந்து விட்டது.

ஸ்பெயின் தேசத்து ஸெவில் நகரத்தில், பிரபுக்கள் பிடித்து எறிந்த சுருட்டுத் துண்டுகளை ஏழைகள் பொறுக்கி, உதிர்த்து, கிடைத்த காகிதத் துண்டில் சுருட்டிப் பிடித்தார்களாம். சிகரெட்டின் பிறப்பைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது. கதை எப்படியானாலும், சிகரெட் என்பது ஏழையின் சுருட்டு என்பதில் சந்தேகம் இல்லை. சுருட்டுக்கு வெளியிலும் புகையிலை; உள்ளேயும் புகையிலை. சிகரெட்டுக்கோ வெளியிலே காகிதம். அந்தக் காகிதம்தான் நம் கதாநாயகன்.

காகிதத்துக்கு ஏன் அவ்வளவு மவுசு வந்தது? இதற்குக் காரணம் நெப்போலியன் என்றால் வேடிக்கையாக இருக்கும். 1810-ம் ஆண்டு அவன் பிரான்ஸில் புகையிலையை அரசாங்கத்தின் ஏகபோகம் ஆக்கினான். புகையிலையைப் பதப்படுத்துவதும் விற்பதும் சர்க்காரின் உரிமை. குடிமகன் யாரும் அந்தத் தொழிலில் தலையிடக் கூடாது. சர்க்கார் சரக்குக்குப் போட்டி இல்லை. போட்டி இல்லாத இடத்தில் அலங்காரமும் தேவையில்லை. ஆனால் சுருட்டுகிற தாள் புகையிலை அல்லவே! அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். சாமர்த்தியசாலிகள் எல்லோரும் அந்தச் சின்ன வாசல் வழியாக நுழைந்தார்கள். உள்ளே இருக்கிற தூள் எல்லோருக்கும் ஒன்று. ஆகவே வெளியே இருக்கிற தாளுக்குத்தான் பெயர் வேண்டியிருந்தது. சர்க்கார் ஒரு கதவைச் சாத்தினால் வியாபாரி ஜன்னலைத் தேடுவான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அப்படி நுழைந்தவர்களில் ஒருவர் தென் பிரான்ஸில் பெர்ப்பின்யான் என்ற ஊரைச் சேர்ந்த ழான் பர்தூ. ஸ்பெயின் எல்லைக்குப் பக்கத்து ஊர் அது. 1838-ம் ஆண்டு வாக்கில் அவர் மெல்லிய தாள்களைச் சிறு புத்தகமாகக் கட்டி விற்க ஆரம்பித்தார். தம் பெயரின் முதல் எழுத்துக்களான 'ஜே', 'பி' இரண்டையும் அட்டையில் போட்டு, நடுவிலே அழகுக்காகச் சாய்சதுரமாக ஒரு கட்டம் வரைந்தார். ஜனங்கள் அந்தக் கட்டத்தை 'ஓ' என்ற எழுத்தாகப் படித்தார்கள். மூன்று எழுத்தும் சேர்ந்து 'ஜோப்' ஆயிற்று. கடைக்குப் போய் "ஜோப் கொடு" என்று கேட்டார்கள். கெட்டிக்கார மனிதர், திருத்தப் போகவில்லை. 1849-ல் அந்தப் பெயரிலேயே உரிமைப் பத்திரம் வாங்கிக்கொண்டார்.

வேடிக்கை அதோடு நிற்கவில்லை. அவருடைய பிள்ளைகளில் ஒருவரான பியேர், தகப்பனாரின் முத்திரையைத் தமக்கென்று எடுத்துக்கொண்டு தொழிலைப் பெருக்கினார். அவரை ஊரார் பியேர் பர்தூ-ஜோப் என்றே அழைத்தார்கள். மனிதன் பெயரிலிருந்து சரக்குக்குப் பெயர் வந்தது போய், சரக்கின் பெயரிலிருந்து மனிதனுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது! இன்னொரு பிள்ளையான ழோஸெப் தனியாகப் பிரிந்து, 'நீல்' என்று நைல் நதியின் பெயரை வைத்துப் போட்டித் தாள் போட்டார். அதற்கு யானைச் சின்னம். ஓர் அப்பன், இரண்டு பிள்ளைகள், இரண்டு லேபிள்கள். பாகப்பிரிவினை என்பது நம் ஊருக்கு மட்டும் உரியதென்று நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பர்தூ-ஜோப்பின் மகள் ழான், ழூல் பாம்ஸ் என்ற அரசியல்வாதியை மணந்தாள். அவர் பிரான்ஸின் விவசாய மந்திரியானார். 1913-ல் குடியரசுத் தலைவர் பதவிக்கே போட்டியிட்டு, புவாங்காரேயிடம் தோற்றார். பெர்ப்பின்யானில் அவர் பெயரால் இன்றும் ஒரு மாளிகை நிற்கிறது. பளிங்கும் சித்திரமுமாக இழைத்தது. இப்போது அது நகரசபையின் சொத்து. அதன் புகைப்படங்களைப் பார்த்தபோது எனக்கு ஒரு நினைப்பு வந்தது. ஓர் ஊதில் பறந்துபோகிற தாள், ஒரு நிமிஷம் உயிரோடிருந்து சாம்பலாகிற தாள், ஒரு தலைமுறைக்குள் கல்மாளிகையாக மாறி நிற்கிறதே! தாளைப் பிடித்தவனிடம் மிஞ்சியது இருமல். தாளை மடித்தவர்களிடம் என்ன மிஞ்சியிருக்கும்? பெரும்பாலும் பெண்கள்தான் அந்த வேலையைச் செய்தார்கள். அவர்களில் ஒருத்தி பெயரும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஜோப் விளம்பரத்துக்குப் பணத்தைத் தண்ணீராய்ச் செலவழித்தது. 1896-ல் அல்போன்ஸ் மூகா என்ற ஓவியர் அதற்காக வரைந்த சுவரொட்டி இன்று உலகத்துப் பொருட்காட்சிச்சாலைகளில் இருக்கிறது. கண்ணை அரைவாசி மூடிய ஒரு பெண். கையில் புகையும் சிகரெட். அவளுடைய கூந்தல் படம் முழுவதும் சுருண்டு சுருண்டு ஓடுகிறது. எது கூந்தல், எது புகை என்று சொல்ல முடியாது. பின்னாலே 'ஜோப்' என்ற மூன்று எழுத்து. படத்தில் தாளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கனமா, லேசா, விலை என்ன, எத்தனை தாள் என்று ஒன்றும் இல்லை. பெயரும் ஒரு மயக்கமும் மட்டும். இன்றைய விளம்பரத் தொழில் முழுவதையும் அந்த ஒரு படத்தில் படித்துவிடலாம்.

மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. அங்குலேம் பகுதியில் காகிதத் தொழில் செய்துவந்த லாக்ருவா குடும்பத்தார், பிரெஞ்சு மொழியில் அரிசிக்குள்ள 'ரீ' என்ற சொல்லையும் தம் பெயரின் முதல் பகுதியையும் சேர்த்து, 'ரிஸ்லா' என்று முத்திரை வைத்தார்கள். 'க்ருவா' என்றால் சிலுவை. ஆகவே அந்தப் பகுதியை எழுதாமல் ஒரு சிலுவைக் குறியைப் போட்டுவிட்டார்கள். பெயரில் பாதி எழுத்து, பாதி படம்! பாரிஸில் ப்ரௌன்ஸ்டைன் சகோதரர்கள் 1879-ல் ஆரம்பித்த கம்பெனி, ஒரு தாளை இழுத்தால் அடுத்த தாளின் நுனி தானே வெளியே எட்டிப் பார்க்கும்படி மடிப்புக்குள் மடிப்பாக அடுக்கும் முறையை 1894-ல் கொண்டுவந்தது. அந்தக் கோணல் மாணலான மடிப்பினாலேயே 'ஸிக்-ஸாக்' என்று பெயர். அட்டையில் தாடிவைத்த ஒரு சிப்பாய். கிரிமியா யுத்தத்தில் ஸெவாஸ்டபோல் முற்றுகையின்போது மண் குழாய் உடைந்துபோன ஒரு சிப்பாய், வெடிமருந்துப் பொட்டலத்தின் காகிதத்தைக் கிழித்துப் புகையிலையைச் சுருட்டினானாம். அவன்தான் இவன் என்பது ஐதீகம். படத்தில் இடம் பெற்ற அந்தச் சிப்பாய்க்கும் பெயர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

தாளின் லட்சணத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாம் கடிதம் எழுதுகிற காகிதம் ஒரு சதுர மீட்டர் எழுபது, எண்பது கிராம் இருக்கும். இந்தத் தாள் பன்னிரண்டு முதல் இருபத்தைந்து கிராம்வரைதான். ஆளி நார், சணல் நார், மரக்கூழ் இவற்றால் செய்வது. சுண்ணாம்புச் சத்தைக் கலந்து, எரிகிற வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறார்கள். புகையிலையைவிட வேகமாக எரியக் கூடாது; அணைந்தும் போகக் கூடாது. சாம்பல் கூடியவரை வெண்மையாக இருக்க வேண்டும். இத்தனை நுட்பமும் ஆலைக்காரனுடையது. ஒரு நல்ல ஆலையின் தாளையும் மற்றொரு நல்ல ஆலையின் தாளையும் கண்ணை மூடிக்கொண்டு தடவினால் வித்தியாசம் தெரியாது. கண்ணைத் திறந்தால் மட்டும் தெரியும். ஏனென்றால் அட்டையில் பெயர் இருக்கிறது.

இதுவரை சொன்னவர்கள் தாங்கள் விற்ற தாளுக்குத் தங்கள் பெயரை வைத்துக்கொண்டவர்கள். சம்பந்தமே இல்லாத ஒருவன் பிறர் செய்த பொருளில் தன் பெயரை ஆர்டர் கொடுத்துப் போட்டுக்கொள்வது தாளுக்குத் துணையான தீக்குச்சியில்தான் செழித்தது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து வக்கீல் ஜோஷுவா புஸே, அட்டையை மடித்து உள்ளே காகிதக் குச்சிகளை வைக்கும் முறைக்கு 1892-ல் உரிமை வாங்கினார். சட்டைப் பையில் அடங்குகிற அந்த அட்டைத் தீப்பெட்டியின் உரிமையைப் பிறகு டயமண்ட் மாட்ச் கம்பெனி விலைக்கு வாங்கிக்கொண்டது. ஆரம்பத்தில் அதற்கு வரவேற்பு இல்லை. 1895 வாக்கில், மெண்டல்ஸன் இசை நாடகக் கம்பெனி என்ற நாடகக் குழுவினர் வெறும் அட்டைகளை வாங்கி, தங்கள் நாடகத்தின் விளம்பரத்தைத் தாங்களே கையால் எழுதிக் கொடுத்தார்களாம். அவற்றில் ஒன்றே ஒன்று மிச்சம் இருப்பதாகச் சேகரிப்பவர்கள் சொல்கிறார்கள்.

இதைப் பார்த்துப் புத்தி தெளிந்தவர் தீப்பெட்டிக் கம்பெனியின் விற்பனையாளர் ஹென்றி டிராட். குச்சியைப் புகை பிடிக்கிறவனுக்கு ஏன் விற்க வேண்டும்? விளம்பரம் வேண்டுகிறவனுக்கு விற்றால் என்ன? அவர் மில்வாக்கி நகரத்துப் பாப்ஸ்ட் பீர் கம்பெனியிடம் போய் ஒரு கோடி அட்டைக்கு ஆர்டர் வாங்கிவந்தார் என்பது அந்தத் தொழிலில் புராணம் போலச் சொல்லப்படுகிறது. அதற்குப் பிறகு ஹோட்டல், பாங்கு, சலவைக்கடை எல்லாம் வரிசையில் நின்றன. குச்சி இலவசம், பெயருக்குத்தான் விலை. ஓர் அட்டையில் இருபது குச்சி என்றால், மனிதன் இருபது தடவை அந்தப் பெயரைப் பார்த்துத்தான் ஆகவேண்டும். வேறு எந்த விளம்பரத்தை ஒருவன் தன் சட்டைப் பையிலேயே, நெஞ்சுக்கு நேரே, வைத்துக்கொண்டு திரிவான்?

ஆனால் இந்த யோசனை அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தம் என்று சொல்வதற்கில்லை. அதே காலத்தில் இந்திய வியாபாரிகளும் செய்துகொண்டிருந்தார்கள். அந்த நாளில் நமக்குத் தீப்பெட்டி ஸ்வீடனிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும், பிறகு ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்த இறக்குமதி வியாபாரிகள், தங்கள் பெயரைப் போட்டே லேபிள் அச்சடித்துத் தரும்படி அந்த நாட்டு ஆலைகளுக்கு எழுதினார்கள். நம் ஜனங்களுக்குப் பிடித்த படம் வேண்டும் என்றும் கேட்டார்கள். ஆகவே கிருஷ்ணனையும் லக்ஷ்மியையும், யானையையும் புலியையும், தூரதேசத்து அச்சுக்கூடத்தில் யாரோ ஒரு தொழிலாளி கல்லில் வரைந்து அச்சிட்டான். யார் இந்தக் குழலூதும் பிள்ளை என்று அவன் யோசித்திருப்பானோ என்னவோ!

1922-ல் வெளிநாட்டுத் தீப்பெட்டியின்மேல் ஒரு குரோஸுக்கு ஒன்றரை ரூபாய் என்று சுங்கவரி உயர்ந்தது. குரோஸ் என்றால் பன்னிரண்டு டஜன். அதே வருஷம் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். தீப்பெட்டிச் சூத்திரத்தைக் கற்றுக்கொண்டு திரும்பி, மழை பொய்த்த தங்கள் ஊரில் தொழிலை ஆரம்பித்தார்கள். வறண்ட காற்று, விவசாயத்துக்கு எமன். தீக்குச்சி காய்வதற்கோ வரப்பிரசாதம். பின்னால் இருவரும் தனித்தனியே நடத்தியபோது, ஒருவருக்கு அணில் மார்க்கு, மற்றவருக்குக் காகம். அணிலும் காகமும் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் ஏது? படிக்கத் தெரியாத கிழவியும் "அணில் பெட்டி ஒண்ணு கொடு" என்று கேட்க முடியும். பெர்ப்பின்யானில் ஒரு கட்டம் செய்த காரியத்தை இங்கே ஓர் அணில் செய்தது.

தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படித்தான் சிவகாசி அச்சு நகரமாக வளர்ந்தது. இன்று நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டருக்குப் பாட்டி அந்தத் தீப்பெட்டி லேபிள்தான். ஆயிரக்கணக்கில் லேபிள்கள் பெருகின. கிராமத்துச் சின்னத் தீப்பெட்டி ஆபீஸ்களில் செய்த குச்சி, லேபிளுக்குச் சொந்தக்காரரான பெரிய வியாபாரியின் பெயரில் ஊர் ஊராகப் போயிற்று. ஒரே மருந்து, ஒரே மரம், ஒரே கை; பெட்டிமேல் மட்டும் ஒரு நாள் சிங்கம், மறுநாள் மயில்.

சிறு வயதில் எங்கள் தெருப் பையன்கள் எல்லோரும் தீப்பெட்டிப் படம் சேர்த்தோம். எல்லோரிடமும் இருக்கும் படத்துக்கு மதிப்பில்லை. எங்கேயோ வெளியூரிலிருந்து வந்த விருந்தாளி ஒரு புதுப் படம் போட்ட பெட்டியை எடுத்தால், அவர் குச்சி தீர்கிறவரைக்கும் அவரைச் சுற்றியே நிற்போம். கிழியாமல் உரிப்பது ஒரு வித்தை. தண்ணீரில் ஊறவைத்து, மெல்ல நெம்பி, நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்து உலர்த்த வேண்டும். அதே நாட்களில், அதே வயதுப் பிள்ளைகள், சில மைல் தூரத்தில் அந்தப் படங்களை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். விடிவதற்கு முன்னால் பஸ் வந்து கிராமத்துக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகும். கட்டையில் குச்சி அடுக்குவதும், பெட்டி ஒட்டுவதும், லேபிள் ஒட்டுவதும் அவர்களுடைய பிஞ்சு விரல்களுக்கு வந்த வேலை. எத்தனை கட்டை அடுக்கினாயோ அத்தனைக்குக் கூலி. எங்களுக்குப் படம் விளையாட்டு. அவர்களுக்கு அது கணக்கு.

இந்த வழக்கு 1996-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பாயிற்று. எம். சி. மேத்தா என்ற வக்கீல் தமிழ்நாட்டு அரசின்மீது தொடுத்த வழக்கு அது. ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்த முதலாளி, ஒவ்வொரு குழந்தைக்கும் இருபதாயிரம் ரூபாய் நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை தேட வேண்டும். முடியாவிட்டால் சர்க்காரும் அந்தக் கணக்கில் ஐயாயிரம் போட வேண்டும் என்றார்கள். தீர்ப்பு எழுதிய மறுநாளே எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒட்டிய விரலுக்கும் லேபிளில் உள்ள பெயருக்கும் சம்பந்தம் உண்டு என்று நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம் வாய் திறந்து சொன்னது சின்ன விஷயம் அல்ல.

அந்தச் சம்பந்தத்தை இன்னும் முன்னாலேயே, இன்னும் கூர்மையாகக் கேட்கவைத்தது பீடி. நம் நாட்டில் ஏழைக்குக் காகிதம் தேவைப்படவில்லை. காட்டிலே இலை இருந்தது. இலையும் தூளும் நூலும் கமிஷன்காரர் மூலம் வீட்டுக்கு வரும். திருநெல்வேலிச் சீமையில் திண்ணைக்குத் திண்ணை பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு சுற்றுவார்கள். இலையை நனைத்து, அளவுக்கு வெட்டி, தூளை வைத்து உருட்டி, நுனியை மடக்கி, நூலால் கட்ட வேண்டும். ஆயிரம் பீடிக்கு இத்தனை என்று கூலி. சுற்றிய பீடி கடைக்குப் போனபிறகுதான் அதற்கு லேபிள்; அதாவது பெயர். கூலியில் தகராறு வந்தால், "அவள் என் ஆள் இல்லை, கமிஷன்காரர் ஆள்" என்பார் லேபிள் முதலாளி. "நான் வெறும் தரகன்" என்பார் கமிஷன்காரர். பீடிக்கு முதலாளி உண்டு; சுற்றியவளுக்கு இல்லை.

1966-ல் பாராளுமன்றம் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று ஒரு சட்டம் செய்தது. வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்றது அது. நடுவில் ஒப்பந்தக்காரர் இருந்தாலும், யாருக்காக வேலை நடக்கிறதோ அவரே பிரதான முதலாளி என்றது. பீடிக் கம்பெனிகள் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போயின. 1974-ல் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நான் இந்தச் சரித்திரத்தில் தேடிய முடிச்சு இங்கேதான் அவிழ்ந்தது. பெயர் போட்டுக்கொள்வது உரிமை மட்டும் அல்ல. அது ஒரு வாக்குமூலமும் கூட. "இது என்னுடையது" என்று அச்சடித்துவிட்டு, கணக்குக் கேட்கும்போது மட்டும் "அது என்னுடையதல்ல" என்று சொல்ல முடியாது.

செய்தவளுக்குப் பதில் சொல்வது ஒரு பக்கம். பிடித்தவனுக்குப் பதில் சொல்வது இன்னொரு பக்கம். புகையிலையால் உலகத்தில் ஆண்டுதோறும் எழுபது லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்கிறது. இந்தியாவில் 2009 மே மாதத்திலிருந்து புகையிலைப் பொட்டலங்களில் எச்சரிக்கைப் படம் வந்தது. 2016 ஏப்ரல் முதல் அந்தப் படம் பொட்டலத்தின் முகப்பில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கை எடுத்துக்கொண்டது. லேபிள் முதலாளியின் பெயர், வாடகைக்குக் குடியிருக்கிறவன் மாதிரி ஒரு மூலையில் ஒடுங்கிற்று.

ஆஸ்திரேலியா 2012-ல் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. சின்னம் கூடாது, நிறம் கூடாது, அலங்கார எழுத்துக் கூடாது என்றது. எல்லாப் பொட்டலத்துக்கும் ஒரே நிறம். எந்த நிறம் பார்த்தால் ஜனங்களுக்கு மிகவும் அருவருப்பாக இருக்கும் என்று ஆராய்ச்சி செய்து, ஒரு மங்கிய பாசிப் பழுப்பைத் தேர்ந்தெடுத்தார்கள்! கம்பெனிகள் வழக்குப் போட்டன. "எங்கள் பெயரும் சின்னமும் எங்கள் சொத்து, சர்க்கார் அதைப் பறித்துக்கொண்டது" என்று வாதாடின. அந்த வருஷம் ஆகஸ்டு மாதம் அந்நாட்டு உயர் நீதிமன்றம் வாதத்தைத் தள்ளிவிட்டது. சர்க்கார் உங்கள் சொத்தை எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் அதைக் காட்டித் திரிவதைத்தான் தடுத்திருக்கிறது என்பது தீர்ப்பின் சாரம். மூகாவின் கூந்தல் அழகியிலிருந்து இந்தப் பாசிப் பழுப்புக்கு வந்துசேர நூற்றுப் பதினாறு வருஷம் ஆகியிருக்கிறது.

ஜோப் கம்பெனியைப் பற்றி ஒரு சமாசாரம் பாக்கி இருக்கிறது. தூலூஸ் நகரத்தில் 1931-ல் அது கட்டிய ஆலை ஒன்று, வெள்ளைக் கப்பல் நங்கூரம் பாய்ச்சி நிற்பது போன்ற தோற்றம் கொண்டது. கைமாறிக் கைமாறி, தொழிலாளர்கள் பல வருஷம் போராடியும் காப்பாற்ற முடியாமல், 2001-ல் அது மூடப்பட்டது. நிலத்தை விற்றுக் கட்டிடத்தை இடித்துவிடுவார்கள் போலிருந்தது. தொழிலாளர்களும் அக்கம்பக்கத்துக் குடித்தனக்காரர்களும் சேர்ந்து சங்கம் வைத்து வாதாடி அதை நிறுத்தினார்கள். பத்து வருஷம் கழித்து 2011-ல் அந்தக் கட்டிடம் மறுபடி திறந்தது. உள்ளே இப்போது சங்கீதப் பள்ளிக்கூடமும் நீச்சல் குளமும் இருக்கின்றன. வாசலில் பெயர் என்ன தெரியுமா? ஜோப்!

யாரோ ஒரு முதலாளி காசு கொடுத்து அச்சடித்த பெயர் அல்ல அது. தாள் மடித்த கைகள் எடுத்துக்கொண்டு, தங்களுடையது என்று வைத்துக்கொண்ட பெயர். அந்தப் பள்ளிக்கூடத்தில் பாட்டுப் படிக்கிற குழந்தைக்கு ழான் பர்தூவையும் தெரியாது, அவர் போட்ட சாய்சதுரக் கட்டத்தையும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? சிவகாசியில் ஒரு பழைய தீப்பெட்டி ஆபீஸ் வாசலிலும் என்றைக்காவது ஒரு பலகை தொங்கவேண்டும். அதில் அணிலும் காகமும் இருக்கட்டும். அவற்றுக்குக் கீழே, அந்த லேபிளை ஒட்டிய பிள்ளைகளின் பெயர் நாலைந்தாவது இருந்தால் போதும்.